மூடாத அடைப்பு

தும்பைக்கோட்டை மன்னர் வளவசேனருக்கு எதன்மேலாவது ஆசை வந்துவிட்டால் ஊருக்கே தூக்கம் போய்விடும். அந்த வருடம் அவருக்கு அடைப்புக்குறிமேல் ஆசை வந்தது.

"அடைப்புக்குள் இருப்பது உபரி. எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும். ஆகவே அடைப்புக்குள் சொன்னதை யாரும் நிறைவேற்றக் கூடாது. மீறினால் இருபது கசையடி!" என்று சட்டமே போட்டுவிட்டார்.

மந்திரிகளுக்கு இதைக் கற்பிக்கும் வேலை அரண்மனை எழுத்தன் அழகுநம்பியின் தலையில் விழுந்தது. அமாவாசைக்குள் கற்பிக்காவிட்டால் ஏழு வருடம் உப்பளம்.

மந்திரிகளா படிப்பார்கள்? தளபதி ஓர் ஓலை அனுப்பினார்: "இன்று நல்ல வெயில் (எதிரி வாசலில் நிற்கிறான்)." சட்டப்படி யாரும் கதவைச் சாத்தவில்லை. நல்லவேளை, வந்தவன் வழி கேட்கத்தான் வந்திருந்தான்.

நொந்துபோன அழகுநம்பி இரண்டு காவலர்களையே குறிகளாக்கினான். பேசுபவர் கை தட்டினால் சடையன் வந்து வில்லாய் வளைந்து நிற்பான்; அடைப்பு திறந்தது. மறுபடி தட்டினால் கூத்தன் எதிரே வந்து வளைவான், மூடியது. கண்ணால் பார்த்ததும் மந்திரிகளுக்குப் புரிந்துவிட்டது.

முதன்மந்திரி மருதையருக்கு மட்டும் வயிறு எரிந்தது. எழுத்தர் பதவியை மைத்துனனுக்கு வாங்கித்தர மூன்று வருடமாகக் காத்திருந்தவர் அவர். மந்திரிகள் கற்றதை மன்னர் சோதிக்கும் தேர்வன்று காலை கூத்தனை வீட்டுக்கு அழைத்து, நெய் சொட்டச் சொட்ட வெண்பொங்கல் போட்டார். எட்டாவது கரண்டியில் கூத்தன் குறட்டை விட்டான்.

சபையில் மன்னரே தொடங்கினார். "நம் பட்டத்து யானை..." கை தட்டினார். சடையன் வளைந்தான். "போன மாதம் சறுக்கி விழுந்ததே, அதுதான்..." மறுபடி தட்டினார். யாரும் வரவில்லை. கை சிவக்கத் தட்டினார். ம்ஹூம்!

அழகுநம்பிக்கு நாக்கில் அப்போதே உப்புக் கரித்தது.

"பார்த்தீர்களா அரசே? இவனுக்கு மூடவே தெரியவில்லை!" என்றார் மருதையர்.

"இழுத்துப் போங்கள் உப்பளத்துக்கு! பதவி உமது மைத்துனனுக்கே!" என்று மன்னர் கத்தினார்.

சேவகர்கள் பாய்ந்து பிடித்தார்கள். அழகுநம்பி சடையனைப் பார்த்தான். பாவம், அவன் இன்னும் வளைந்தபடியே நின்றான்.

"தாராளமாக இழுங்கள். ஆனால் அடைப்பு மூடவில்லையே? அரசர் இப்போது சொன்னதெல்லாம் உள்ளேதான் இருக்கிறது. நிறைவேற்றினால் ஆளுக்கு இருபது கசையடி!" என்றான்.

சேவகர்கள் சட்டென்று கையை எடுத்தார்கள்.

"மூடுங்கள் அடைப்பை!" என்றார் மன்னர். யாரும் அசையவில்லை. அதுவும் உள்ளேதானே!

"சரி, சாப்பாடாவது கொண்டு வாருங்கள்!"

சமையற்காரர் முதுகைத் தடவிக்கொண்டு அப்படியே நின்றார்.

"அப்படியானால் முதன்மந்திரியின் மைத்துனருக்கும் பதவி இல்லை," என்று அழகுநம்பி பெருமூச்சு விட்டான்.

"ஐயோ, கூத்தன் என் வீட்டில்தான் தூங்குகிறான்! இதோ!" என்று மருதையர் ஓடினார். குறட்டை விட்டவனை முதுகில் சுமந்து வந்து இறக்கினார். விழித்த கூத்தன் கொட்டாவியோடு வளைந்தான். அடைப்பு மூடியது.

"...நலமாக இருக்கிறது," என்று யானையை முடித்துவிட்டு, மன்னர் மருதையரை உற்றுப் பார்த்தார்.

"உமது வீட்டிலா தூங்கினான்? நல்லது. அழகுநம்பியின் பதவி அழகுநம்பிக்கே. உமது மைத்துனனுக்கும் வேலை உண்டு. நாளை முதல் நீர் சடையன் இடத்தில், அவன் கூத்தன் இடத்தில்!"

மருதையர் அலறினார். "அரசே, இதை அடைப்புக்குள் சொல்லக் கூடாதா?"

"சொல்லலாமே," என்றான் அழகுநம்பி. "அதற்கு முதலில் நீங்கள் வந்து வளைய வேண்டும்!"

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று உருண்டது.