தவசியண்ணன் வயிற்றை அளந்த கதை

கல்யாண வீடுகளில் பிரியாணி கிண்டிக் கிண்டியே தோள்பட்டை கழன்றுபோன சமையல்காரர் தவசி, வலி மாத்திரையைப் பொரிகடலை மாதிரி வாயில் போட்டுக்கொள்வார். கடைசியில் வயிறு காந்த ஆரம்பித்தது.

காட்டப் போனால் டாக்டரம்மா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். "இந்த மாத்திரை வயித்தோட உள்தோலை அரிச்சிரும். அதுவும் வெறும் வயித்துல போடலாமா? இனிமே தொடாதீங்க. எவ்வளவு அரிச்சிருக்குன்னு நாளைக்குக் குழாய் விட்டுப் பார்த்திரலாம்."

தவசிக்குப் பகீரென்றது. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் ஆக்கிப் போட்ட மனுஷன், வெள்ளிக்கிழமை தன் மகள் கல்யாணத்திலாவது பந்தியில் உட்கார்ந்து சாப்பிட ஆசைப்பட்டிருந்தார். வயிறு ஓட்டையானால் சாப்பாடு எங்கே தங்கும்?

"நாளை வரைக்கும் என்னத்துக்குண்ணே? நாமளே அளந்திருவோம்" என்றான் கையாள் ஒச்சப்பன்.

"உள்ள இருக்கிறதை எப்படிடா அளப்பே?"

இன்னொரு கையாள் மொக்கைச்சாமிதான் அந்தக் கோஷ்டியில் அறிவாளி. கறிக்கடைக்குப் போய் ஓர் ஆட்டு வயிற்றை வாங்கி வந்தான். "அதே மாத்திரையை இதுக்குள்ள போடுவோம். இதுக்கு என்ன ஆகுதோ, அதான் அண்ணனுக்கும்."

தையல்கார நாடாவை வைத்து மேலும் கீழும் அளந்தார்கள். மாத்திரையைப் போடப் போனபோது ஒச்சப்பன் பதறித் தடுத்தான். "வெறும் வயித்துல போடக்கூடாதுன்னாங்களே!"

அதுவும் நியாயம்தானே! தயிர்சாதம் பிசைந்து, "இன்னும் ஒரு வாய்" என்று ஊட்டினார்கள். மாத்திரையைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, சமையல் கொட்டகையில் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள்.

கொட்டகைப் பூனைக்கு அன்றைக்கு யோகம். மாத்திரையை மட்டும் துப்பிவிட்டு மிச்சத்தை நக்கித் துடைத்துவிட்டது.

காலையில் ஒச்சப்பன் அலறினான். "அண்ணே! இந்த மாத்திரை முழு வயித்தையும் தின்னு தீர்த்துட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி பாயில உட்கார்ந்திருக்கு பாருங்க!"

"அப்ப எனக்கும் வயிறு இல்லையாடா?" தவசி அழுதேவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா பசிக்குதேடா" என்றார்.

"பழகின பாசம்ணே. அவ்வளவு லேசுல விட்டுப் போகுமா?" என்றான் மொக்கைச்சாமி.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டார்கள். திரையில் வயிறு தெரிந்தது. "லேசாத்தான் அரிச்சிருக்கு, மருந்துல ஆறிடும். காரமில்லாம சாப்பிடுங்க" என்றார் டாக்டரம்மா.

கையாட்கள் திரையையே உற்றுப் பார்த்தார்கள். "அண்ணே, மாத்திரை திங்கலைண்ணே! காணாமப் போன நம்ம ஆட்டு வயிறு இதுதான்! இங்க இடம் காலியா இருக்கவும் வந்து உட்கார்ந்துக்கிருச்சு!"

தவசிக்குப் போன உயிர் திரும்பியது. வயிறு யாருடையதாக இருந்தால் என்ன, பந்திக்கு உதவினால் சரி.

வெள்ளிக்கிழமை மகள் கல்யாணத்தில் முதல் பந்தியில், முதல் ஆளாக ஜம்மென்று உட்கார்ந்தார். எல்லோர் இலையிலும் பிரியாணி விழுந்தது. ஆட்டு வயிறாயிற்றே, பழகாததைப் போடலாமா என்று அவர் இலையில் மட்டும் மொக்கைச்சாமி ஒரு கட்டு அகத்திக்கீரையைப் பச்சையாக வைத்தான்.

தவசி ஒரு கொத்தை மென்று பார்த்தார். முகம் சுருங்கியது.

"உப்புக் கம்மிடா."