பிசிறில்லாத கதவு

வெள்ளாங்குழியில் தவசியப்பன், நல்லசிவம், கொண்டல் என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு கார் ஷெட்டும் இருந்தது. கார் இல்லாததால் அதில் தச்சு வேலை பார்த்தார்கள்.

மூத்தவர் தவசியப்பனின் மனைவி ஆவுடையம்மாள் அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "என் சேலை அலமாரிக்குக் கதவு கேட்டு ஏழு வருஷமாச்சு. ஞாயித்துக்கிழமை வருவேன். ஓரத்துல மைக்கா ஒரு துளி பெயர்ந்திருந்தாலும் வந்த பஸ்ஸிலேயே திரும்பிருவேன்."

தவசியப்பன் அன்றே பலகைக் கடைக்கு ஓடினார்.

மைக்கா ஒட்டிய பலகையை விற்ற கடைக்காரர் வழி சொன்னார். "அறுக்கிற கோட்டுக்கு மேல டேப் ஒட்டுங்க. அடியில உதவாத பலகை ஒண்ணு வச்சு, ரெண்டையும் சேத்து அறுங்க. அவசரப்படாதீங்க. பிசிறவே பிசிறாது."

டேப்பை ஒட்டினார்கள். கோடு மறைந்துவிட்டது.

"எடுத்துட்டா தெரியும்," என்றான் நல்லசிவம்.

"எடுக்கச் சொல்லலையேடா," என்றார் தவசியப்பன்.

கடைசியில் கோட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளும் பொறுப்பு கொண்டலுக்குப் போனது. மறந்துவிடக் கூடாதென்று அவன் அன்று யாரிடமும் பேசவில்லை.

அடுத்தது உதவாத பலகை. வீட்டில் எல்லாப் பலகையும் எதற்காவது உதவிக்கொண்டிருந்தது. மூவரும் ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தார்கள்.

"அண்ணே, கதவில்லாத அலமாரி எதுக்காவது உதவுமா?" என்றான் நல்லசிவம்.

"உதவாதுன்னுதானே உங்க மதினி ஏழு வருஷமா சொல்றா."

சேலைகளைத் தரையில் அடுக்கிவிட்டு அலமாரியைப் பிரித்தார்கள். கதவுக்கு நாலு ஓரம். ஒவ்வொரு ஓரத்துக்கும் ஒரு பலகை அடியில் போனது. அவசரப்படவில்லை. ரம்பத்தை ஒரு இழுப்பு, ஒரு வாய் காபி. மூன்று நாள் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை ஆவுடையம்மாள் வந்தாள். நாலு ஓரத்திலும் விரலை ஓட்டிப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி இருந்தது. புருஷனைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

"சரி, அலமாரி எங்கே?"

"அது கதவுக்கு அடியில போயிருச்சு," என்றார் தவசியப்பன்.

"கவலைப்படாதீங்க மதினி," என்றான் நல்லசிவம். "புதுப் பலகை வாங்கியாச்சு. இன்னைக்கே அலமாரி செஞ்சிருவோம். அடியில வைக்க உதவாத பலகை ஒண்ணுதான் வேணும்."

மூவரும் யோசித்தார்கள். பிறகு மூவரும் மெதுவாகத் திரும்பி, அலமாரி இல்லாத அந்தக் கதவைப் பார்த்தார்கள்.

ஆவுடையம்மாள் கதவைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.

தவசியப்பன் வாசலில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு பிசிறுகூட இல்லையேடா. ஏன் போறா?"

"விடுங்கண்ணே," என்றான் கொண்டல். "அங்க போய்க் கதவைத் திறந்து பாப்பாங்க. உள்ள ஒரு சேலைகூட இருக்காது. தானா திரும்பி வந்துருவாங்க."