பொன்னுரங்கத்தின் கை

முதலில் தப்பு செய்தவர் பொன்னுரங்கம்தான். அதை யார் முன்னாலும் சொல்ல உத்திராபதி தயார். செண்பகவல்லி அம்மாவின் வீட்டு வாசலில் நின்றும் அதைத்தான் முதலில் சொன்னார்.

"பதினோரு வருஷம் ஆச்சும்மா. தேருக்கு முன்னால, மேலவீதியில. அவரு பெரிய நாயனம், நான் துணை நாயனம். தோடி வாசிச்சுட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாரு. என் முறை. வாசிச்சேன். அவரு சொல்லித் தராத ஒரு இடத்துக்குப் போனேன்."

"போனா என்ன?"

"என் நாயனத்தோட வாயை உள்ளங்கையால பொத்திட்டாரு. ஊரே பார்த்துச்சு. 'சொந்தமா வாசிக்க நீ யாருடா?'ன்னு கேட்டாரு."

அன்றிலிருந்து உத்திராபதி சொந்தமாக ஒரு சுரம் வாசித்ததில்லை. பொன்னுரங்கம் வாசித்ததையே திருப்பி வாசித்தார், அச்சு அசலாக.

"இப்போ என்ன சொல்றாரு தெரியுமா? 'நான் வாசிச்சதையே வாசிக்க நீ எதுக்கு? இந்தத் தேர்தான் உனக்குக் கடைசி. அப்புறம் என் மருமகன் நிப்பான்'கிறாரு. பொத்தினதும் அவரு கைதான். இப்படிப் பேசுறதும் அவரு வாய்தான்."

செண்பகவல்லிக்கு உத்திராபதியைவிட இருபது வயது குறைவு. ஆனால் அவர் நாயனத்தை எடுத்தால் பொன்னுரங்கமே எழுந்து நிற்பார் என்று பேச்சு.

"நான் என்ன செய்யணும்?"

"தோடியில யாரும் கேக்காத மாதிரி நாலு இடம் எழுதிக் குடுங்கம்மா. நெட்டுருப் போட்டுடறேன்."

செண்பகவல்லி சிரிக்கவில்லை.

"நீங்க மோட்டார் மெக்கானிக்குதானே?"

"வருஷத்துல முக்கால்வாசி அதுதான் சோறு போடுது."

"என் மோட்டார் தண்ணி ஏத்தல. முதல்ல அதைப் பாருங்க."

பாடம் கேட்க வந்தவனை வேலை வாங்குகிறாளே என்று உத்திராபதிக்கு எரிச்சல். ஆனாலும் கொல்லைக்குப் போய் மோட்டாரைக் கழற்றினார். உள்ளே வாஷர் நைந்து கிடந்தது. கடை எட்டு மைல். சுற்றுமுற்றும் பார்த்தார். வேலியில் ஒரு பழைய லாரி டியூப் தொங்கியது. அதை எடுத்து வட்டமாக வெட்டத் தொடங்கினார்.

செண்பகவல்லி பக்கத்தில் வந்து குந்தினார்.

"கடையில விக்கிற வாஷர் இப்படியா இருக்கும்?"

"இருக்காது."

"மோட்டாரோட வந்த புத்தகத்துல?"

"அதுல லாரி டியூப்னு எவன் போடுவான்?"

வெட்டியதைப் பொருத்தப் போனார். செண்பகவல்லி சட்டென்று கையை நீட்டி, மோட்டாரின் வாயை உள்ளங்கையால் பொத்தினார்.

"புத்தகத்துல இருக்கிறபடி செய்ங்க. சொந்தமா செய்ய நீங்க யாரு?"

"கையை எடுடி!"

உத்திராபதி அந்தக் கையைத் தட்டிவிட்டார். "முப்பது வருஷமா இந்த வேலை பார்க்கிறேன். தண்ணி வரலைன்னா அப்புறம் கேளு!"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு வாஷரைப் பொருத்தி மோட்டாரை மூடினார். செண்பகவல்லி அடிபட்ட கையைத் தேய்த்தபடி போய் சுவிட்சைப் போட்டார்.

தண்ணீர் கொட்டியது.

"பாடம் முடிஞ்சுது. போய்ட்டு வாங்க."

"தோடியைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையேம்மா?"

"நான் பொத்தினப்போ என்ன செஞ்சீங்க?"

உத்திராபதி தலையைக் குனிந்துகொண்டார்.

"அதை அன்னிக்கு ஏன் செய்யல?"

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

தேர் அன்று காலை. மேலவீதி. பொன்னுரங்கம் தோடி வாசித்து நிறுத்தி, தலையை ஆட்டினார்.

உத்திராபதி ஆரம்பித்தார். இரண்டு மூச்சு பழைய வழியில் போனார். மூன்றாவதில் விலகினார். நடுவில் ஓரிடத்தில் மேலே எப்படிப் போவதென்று தெரியவில்லை. திரும்பி ஓடவில்லை. அந்த ஒரே சுரத்தில் கன்னம் உப்ப நின்றார். நின்றுகொண்டே இருந்தார். வழி கிடைத்தது.

பொன்னுரங்கத்தின் கை நீண்டு வந்தது.

உத்திராபதி நாயனத்தை அப்படியே வானத்தைப் பார்க்கத் தூக்கினார். வாசிப்பு நிற்கவில்லை. குட்டையான மனிதர் பொன்னுரங்கம், கை எட்டவில்லை. தவில்காரர், "போடு, போடு!" என்று கத்தினார்.

மறுநாள் செண்பகவல்லி கேட்டார்: "பொன்னுரங்கம் ஏதாவது சொன்னாரா?"

"வெத்தல மடிச்சு நீட்டினாரு. 'அடுத்த வருஷமும் நீதான்யா'ன்னாரு."

"வாங்கிக்கிட்டீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

"அவரு எனக்குத் தர வேண்டியது பதினோரு வருஷம். வெத்தல இல்லையேம்மா."