சார்ஜ் இறக்கியாச்சு

காய்ந்த ஆமணக்குக் காய் வெயிலில் வெடிப்பதுபோல் ஒரு சத்தம். ஒரே ஒரு "டப்". அதைக் கேட்டு இருபது வருடம் ஆகிறது.

பாளையங்கோட்டையில் நான் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ரூபாவதி மைக்ரோவேவ் அடுப்புகளைப் பழுது பார்த்தாள். பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவள். வயது முப்பத்திரண்டு. அவளிடம் வேலை கற்க வந்த இசக்கிமுத்துவுக்கு ஐம்பத்தொன்று. மூடிப்போன நூற்பாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார்.

அம்பாசமுத்திரத்தில் சொந்தக் கடை வைக்க அவர் இடம் பார்த்து வைத்திருந்தார். ஆனால் ஆறு மாதமாகியும் ஓர் அடுப்பைத் தனியாகத் திறக்க அவள் விடவில்லை.

"இருபத்திரண்டு வருசம் கரண்டோட குடித்தனம் பண்ணவன் டீச்சர். ஃபியூஸைப் பிடுங்கினா கதை முடிஞ்சுது."

"மில்லுல முடியும். இதுல முடியாது." திறந்த அடுப்புக்குள் இருந்த தகர டப்பாவைக் காட்டினாள். "கெபாசிட்டர். டிரான்ஸ்ஃபார்மர் ரெண்டாயிரம் வோல்ட் தருது. கரண்டு ஒரு பக்கமாப் போறப்ப இது வாங்கி வச்சுக்கும். திரும்பறப்ப, வச்சிருந்ததையும் சேர்த்துக் கொடுக்கும். நாலாயிரம் ஆயிரும். அப்பத்தான் பால் சுடும்."

"நல்ல பிள்ளையாத்தான் இருக்கு."

"நல்ல பிள்ளைதான். பிளக்கைப் பிடுங்கினது மட்டும் அதுக்குத் தெரியாது."

"தானா வடிஞ்சிராதா?"

"வடியறதுக்கு உள்ள ஒரு ரெசிஸ்டர் இருக்கு. அது செத்திருந்தா வெளிய தெரியாது."

தேங்கி நிற்கும் சார்ஜை இறக்க, பிடியில் சிவப்பு டேப் சுற்றிய ஒரு ஸ்க்ரூடிரைவரால் கெபாசிட்டரின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொடுவாள். சில நாள் சத்தம் வரும், பல நாள் வராது. "இறக்கியாச்சு அண்ணாச்சி" என்பாள். அவர் கை வைப்பார். அந்த வேலைக்கு அந்த ஒரு ஸ்க்ரூடிரைவர்தான்.

நான் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு நாள் காலை, ஓட்டிப் பார்த்த அடுப்பைத் திறந்துகொண்டிருந்தபோது அவள் மகனின் பள்ளியிலிருந்து போன் வந்தது. பேசி முடித்துத் திரும்பி, "இறக்கியாச்சு அண்ணாச்சி" என்றாள்.

அவர் குனிந்தார். சட்டைப்பையில் ஏதோ குத்தியது. சிவப்பு டேப் ஸ்க்ரூடிரைவர். டேப் பிரிந்திருக்கிறதே என்று காலையில் அவர்தான் புதிதாகச் சுற்றிப் பையில் போட்டிருந்தார்.

கை பாதியில் நின்றது. மில்லில் ஃபோர்மேன் "ஆச்சு" என்று சொன்ன வேலையை மறுபடி சரிபார்த்தவன், மறுநாள் வேலை போய் மில் கேட்டுக்கு வெளியே நிற்பான்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர்." முனைகளைத் தானே சேர்த்துத் தொட்டார்.

டப்.

ஸ்க்ரூடிரைவரின் நுனி கறுத்திருந்தது. போன் இன்னும் அவள் கையில் இருந்தது.

"என்னைச் சோதிச்சுப் பாத்தீங்களா டீச்சர்?"

"இல்ல அண்ணாச்சி. மறந்துட்டேன்."

அவர் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். "ஆறு மாசமா உங்க சொல்லை நம்பித்தானே கை வச்சேன்?"

"அதனாலதான் தனியாத் திறக்க விடல. இன்னிக்குத்தான் நீங்களே தொட்டுப் பாத்தீங்க."

இசக்கிமுத்து அம்பாசமுத்திரத்தில் பதினோரு வருடம் கடை நடத்தினார். கரண்டு அவரைத் தொடவில்லை; மஞ்சள் காமாலையில்தான் இறந்தார்.