கசிவு இருந்த இடம்

டங், டங் என்ற உளிச் சத்தம் மாடிப்படியிலேயே கேட்டது. வேலை பழகும் கோகிலாமணி மேலே போய்ப் பார்த்தாள். வயர்மேன் சென்னியப்பன், தான் வயர் பதித்த சுவரைத் தானே கொத்திக்கொண்டிருந்தார்.

கான்ட்ராக்டர் நாச்சிமுத்து, சுவரிலிருந்து நீண்ட இரண்டு வயர்களோடு மீட்டரின் உலோக முனைகளைச் சேர்த்து, வேர்த்த விரல்களால் அழுத்திப் பிடித்திருந்தார்.

"மீட்டர் எண் காட்டுது பாரு. ரெண்டு வயருக்கும் நடுவுல கரண்ட் கசிவு இருக்குது. சாயங்காலத்துக்குள்ள அது எங்கேன்னு காட்டலைன்னா ரெண்டு பேரும் நாளையிலிருந்து வர வேண்டாம்."

சென்னியப்பன் கொத்திக்கொண்டே இருந்தார். அவருக்கு வேறு தொழில் தெரியாது.

"கசிவு கிடைச்சிருச்சுங்க சார்" என்றாள் கோகிலாமணி.

"அதுக்குள்ளயா? எங்க?"

"முனைகளை அப்படியே பிடிச்சுக்குங்க. வயரை மட்டும் விட்டுருங்க."

விட்டார். வயரே இல்லாமல் மீட்டர் ஏறக்குறைய அதே எண்ணைக் காட்டியது.

"இப்ப பிளாஸ்டிக் பிடியில மட்டும் கை வெச்சு, வயரைத் தொடுங்க."

தொட்டார். மீட்டரில் ஒரு கசிவும் இல்லை.

அவள் சிரிக்காமல் கேட்டாள்: "கசிவு உங்ககிட்டத்தான் இருக்குதுங்க. அங்கயும் கொத்தணுங்களா?"

நாச்சிமுத்து வேர்த்த விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு, "நாளைக்கு ரெண்டு பேரும் நேரத்துல வந்துருங்க சென்னியப்பா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

சென்னியப்பன் உளியைக் கீழே வைத்தார். கோகிலாமணி, கொத்திய குழியை அடைக்கச் சிமெண்டில் தண்ணீர் ஊற்றினாள்.