பாவாயியின் தயிர்ச்சட்டி

"என்ன பண்ணினாலும் தயிராக மாட்டேங்குது சாமி" என்றார் நாச்சிமுத்து.

அவர் கையில் ஒரு தூக்குப்போசி. உள்ளே வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது.

சாமி என்று அவர் கூப்பிட்டது மடத்துச் சமையல்காரி நாயகியை. அவளுக்கு முப்பத்து நாலு வயசு. அவருக்கு அறுபத்து மூன்று. மடத்துப் பெரியவர் பேச்சை விட்டு ஆறு வருஷமாகிறது. கேள்வியோடு யார் வந்தாலும் அடுப்படிப் பக்கம் கையைக் காட்டிவிடுவார். விவரமான மனுஷர்.

நாயகி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உறைஞ்சுதானே இருக்குதுங்க ஐயா?"

"உறையுது. நெலக்கடலையை ஊறவெச்சு, அரைச்சு, பாலெடுத்து, காய்ச்சி, நீ சொன்ன மாதிரியே உறைக்குப் பச்சமொளகாக் காம்பு கிள்ளிப் போட்டேன். கட்டியா உறைஞ்சுது. ருசிதான் வரல. பாவாயி கண்டுபிடிச்சுட்டா."

பாவாயி அவர் சம்சாரம்.

கறியை விட்டுப் பல வருஷமாகிவிட்டது நாச்சிமுத்துவுக்கு. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மாசத்துக்கு முன்னால் பாலையும் விட்டார். பால், தயிர், மோர், நெய், எல்லாம். அப்போதுதான் வந்தது வினை.

"நாப்பது வருஷமா நான் ஊத்தின மோரு இப்ப ஆகாமப் போச்சுங்களா?" என்று பாவாயி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

இவர் தலையைச் சொறிந்தார்.

"அப்ப உங்க சோத்தை நீங்களே ஆக்கிக்குங்க" என்று கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

வெந்நீர் வைக்கத் தெரியாத மனுஷர். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறார்கள். இப்போது அவள் புழக்கடையில், இவர் கூடத்தில். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

மடத்துக்கு வந்தார். பெரியவர் கையைக் காட்டினார்.

முதல் நாள், பருப்பு வேகும் முன்பே புளியைக் கரைத்து ஊற்றிவிட்டு, வேகவில்லையே வேகவில்லையே என்று அரை நாள் விறகு தள்ளினார். நாயகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாளும் வந்தார். அதனால்தான் அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"அம்மா எப்படிங்க கண்டுபிடிச்சாங்க?" என்று இப்போது கேட்டாள்.

நாச்சிமுத்து போசியைக் கீழே வைத்தார்.

"நேத்து அவ தயிர்ச்சட்டியிலிருந்த தயிரை எடுத்துப் பக்கத்துத் தோட்டத்துக்காரங்களுக்குக் குடுத்துட்டேன். சட்டியைக் கழுவி, இதை ஊத்தி, பழையபடி உறியில வெச்சுட்டேன்."

"சொல்லலீங்களா?"

"சொல்லல."

"ஏனுங்க?"

"தெரியாமத் தின்னு பழகிட்டா, அப்பறம் ரெண்டு பேருக்கும் ஒரே சட்டி. மறுபடி ஒண்ணா உக்காரலாம்."

"தின்னாங்களா?"

"ஒரு வாய். தட்டைக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அதிலிருந்து பேச்சே இல்ல." போசியை அவள் பக்கம் நகர்த்தினார். "அவ கண்டுபிடிக்கவே முடியாத மாதிரி ஒரு தயிர் சொல்லிக்குடு சாமி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

நாயகி எழுந்தாள். ஒரு தட்டில் சோற்றைப் போட்டாள். போசியிலிருந்ததை ஊற்றி, உப்புப் போட்டுப் பிசைந்து, உட்கார்ந்து சாப்பிட்டாள். தட்டை வழித்து நக்கினாள்.

"நல்லா இருக்குதுங்க."

"தயிர் மாதிரியா?"

"கடலை மாதிரி."

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டார்.

நாயகி கை கழுவிக்கொண்டு வந்தாள்.

"நீங்க எதுக்குப் பாலை விட்டீங்க ஐயா? மூணு மாசமா நானும் கேக்கல."

அவர் ஒரு கீரைக் காம்பை எடுத்து ஒடித்தார்.

"எங்க செவலை மாட்டோட கன்னு செத்துப்போச்சு. கன்னு இல்லாம மாடு பால் இறக்காது. அதனால தோலை உரிச்சு, உள்ள வைக்கோல் திணிச்சு, கன்னு மாதிரி தெச்சு முன்னால நிறுத்துனேன். அதை நக்கிக் குடுக்கும். மடி சொரக்கும். நான் கறந்துக்குவேன்."

"நல்லாத் தெச்சிருந்தீங்களா?"

"அசல் கன்னேதான். காதுகூட அப்படியே நிக்கும்."

"மாடு கண்டுபிடிக்கலீங்களா?"

"இல்ல." துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழை. வைக்கோல் கன்னை வெளியவே விட்டுட்டேன். ஓடிப்போய்ப் பாக்கறேன், செவலை அது மேல குனிஞ்சு நின்னுட்டிருக்குது. அது நனையக் கூடாதுன்னு இது நனையுது. அன்னிக்கு விட்டதுதான்."

நாயகி மறுபடி கீரையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அம்மா கெட்டிக்காரங்க" என்றாள். "ஒரே வாயில எந்திரிச்சுட்டாங்க."

நாச்சிமுத்து போசியைப் பார்த்தார்.

எழுந்து போனார். போசியை எடுத்துக்கொள்ளக்கூட இல்லை.

வீட்டில் முதல் வேலையாக உறியிலிருந்த சட்டியை இறக்கிக் கழுவினார். பக்கத்துத் தோட்டத்துக்குப் போய், அசட்டுச் சிரிப்போடு தயிர் கேட்டு வாங்கிவந்து அதில் ஊற்றி உறியில் வைத்தார்.

பிறகு கடலையை அரைத்தார். சோறு வடித்தார். கடலைப்பாலை ஊற்றிப் பிசைந்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினார். தட்டில் போட்டுக்கொண்டு புழக்கடைக்குப் போனார்.

துவைகல் மேல் உட்கார்ந்திருந்த பாவாயி திரும்பிப் பார்க்கவில்லை. அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உன்ற சட்டியில உன்ற தயிரு இருக்குது" என்றார்.

தட்டைக் காட்டினார்.

"இது கடலை. தயிரில்ல. நான் ஆக்குனது."

அவள் தட்டை ஒரு தரம் பார்த்தாள்.

"நேத்து உன்கிட்டச் சொல்லாம வெச்சேனல்ல. தப்பு பண்ணிட்டேன் பாவாயி."

ஒரு காக்காய் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது.

பாவாயி கையை நீட்டி அவர் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்தாள். மென்றாள். விழுங்கினாள்.

"உப்பே போடலீங்களா?"

"மறந்துட்டேன்."

அவள் எழுந்தாள். உள்ளே போனாள்.

நாச்சிமுத்து தட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பாவாயி திரும்பி வந்தாள். ஒரு கையில் உப்புச் சாடி. இன்னொரு கையில் அவள் தட்டு.

"சித்தே தள்ளி உக்காருங்க" என்றாள்.