தண்ணி குடிக்கிற ரீலு

மதி, போர்வைய இழுத்துப் போத்திக்க. ஹால எட்டிப் பாக்காதேன்னு எத்தனை தடவ சொல்றது? அங்க டிவி ஓடுது. உங்கப்பன் சோபாவுல ஒரு கோடியில இருக்கான், உங்கம்மா ஒரு கோடியில இருக்கா. நடுவுல ஒரு எருமை படுக்கலாம், அத்தனை எடம். நாந்தான் படத்தப் போட்டுவுட்டுட்டு வந்தேன். பழைய கருப்பு வெள்ளப் படம். நாலு நாளாப் பேசாததுங்க, அதையாவது சேந்து பாக்கட்டும்.

ஆமா சாமி, வாசல் பக்கம் அம்மாவோட துணிப்பொட்டி இருக்கறத நானும் பாத்தேன். அதப் பத்தி இப்ப வேண்டாம். அத்தை கதை சொல்றேன், நீ ம் கொட்டோணும். கொட்டலைன்னா அந்த எடத்துலயே நிறுத்திப்புடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு தகரக் கொட்டாய் இருந்துச்சாம். சினிமாக் கொட்டாய். மேல தகரம், கீழ மணலு. மழ பேஞ்சா தடதடதடன்னு அடிக்கும், ஒரு வசனம் காதுல விழாது. நடுவுல நெஞ்சு ஒசரத்துக்கு ஒரு மண்சுவரு. இந்தப் பக்கம் ஆம்பளைங்க, அந்தப் பக்கம் பொம்பளைங்க. புருசன் பொண்டாட்டியா வந்தாலும் வாசல்லயே பிரிஞ்சு போயிரோணும். மணல்ல உக்காந்துட்டா சுவருக்கு அந்தாண்ட யாரு இருக்கான்னே தெரியாது.

ம்?

"ம்."

அந்த ஊர்ல பாவாயின்னு ஒருத்தி. அவ புருசன் பேரு நாச்சிமுத்து. கல்யாணமான மொத வாரம் ரெண்டு பேரும் அந்தக் கொட்டாயில ஒரு படம் பாத்தாங்க. இவ அந்தப் பக்கம், அவரு இந்தப் பக்கம். அதுல ஒரு புது வாத்தியாரு ஊருக்குள்ள வர்றான். வெயிலு. ஒரு வூட்டு வாசல்ல நின்னு தண்ணி கேக்கறான். அந்த வூட்டுப் பொண்ணு சொம்புல தண்ணி கொண்டாந்து குடுக்கறா. அவன் அண்ணாந்து ஊத்திக்கிட்டே ஓரக்கண்ணால அவளப் பாக்கறான். மடக், மடக், மடக். பாக்கற பார்வையில தண்ணி வாய்க்குப் போகாம சட்டையெல்லாம் ஓடுது. அவ முந்தானையில வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறா. அவ்வளவுதான். தொடறதில்ல, அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசறதில்ல. கலர் இருந்துச்சா, ஒண்ணும் இல்ல. ஆனா ஜனம் அந்த எடத்துக்கு விசில் அடிச்சு, மறுபடி போடு மறுபடி போடுன்னு கத்தும். கொட்டாய்க்காரரும் போடுவாரு.

அன்னைக்கு வூட்டுக்கு வந்ததும் நாச்சிமுத்து, "பாவாயி, கொஞ்சம் தண்ணி குடு"ன்னாரு. குடுத்தா. அந்த வாத்தியாராட்டவே அண்ணாந்து ஓரக்கண்ணால பாத்தாரு பாரு, பொரையேறிப் போச்சு. ப்ஃபூக்! மூக்கு வழியா தண்ணி. பாவாயி சிரிச்சுச் சிரிச்சு அடுப்பங்கரையிலயே உக்காந்துட்டா.

அன்னைக்கிருந்து வூட்டுல எந்தச் சண்டை வந்தாலும் செரி, அவரு வந்து "கொஞ்சம் தண்ணி குடு"ம்பாரு. இவளுக்குச் சிரிப்பு வந்துரும். சண்டை முடிஞ்சுது.

"ம்."

ஆனா ஒரு சண்டை முடியல, கண்ணு.

கல்யாணமாகி மூணு வருசமாச்சு. கொழந்த இல்ல. ஒரு விசேச வூட்டுல பந்தியில வெச்சு நாச்சிமுத்தோட சித்தி பாவாயியப் பாத்து ஒரு பேச்சு பேசிப்புட்டா. என்ன பேச்சுன்னு கேக்காதே, சொல்ல மாட்டேன். நாலு பேரு முன்னால. நாச்சிமுத்து பக்கத்துலதான் நின்னாரு. எலையப் பாத்துக்கிட்டு நின்னாரு. வாயத் தொறக்கல. பாவாயிக்குச் சித்தி மேலகூட அத்தனை கோவமில்ல. இந்த மனுசன் வாயத் தொறக்காம நின்னாரே, அதுதான் ஆறல. எனக்கும் இப்ப நெனைச்சாலும் ஆறமாட்டேங்குது.

மூணு நாள் பேச்சில்ல. தண்ணி கேக்கக்கூட அவருக்கு மொகம் இல்ல.

அப்போ பாவாயி அண்ணனுக்கு ஆள் சொல்லி அனுப்பினா. அந்த அண்ணன் ஒரு மொரடன். "வந்தா ஒரேயடியா வா. திரும்பிப் போறதுன்னா என் வாசல்ல கால் வெக்காதே"ன்னு பதில் அனுப்பிட்டான். அவ ஊருக்கு ஒரு நாளைக்கு ஒரே பஸ்ஸு. சாயங்காலம் அஞ்சரை. ஏறிட்டா ஏறினதுதான், தெரிஞ்சுக்க.

அவ ஒரு துணிமூட்டையக் கட்டிக்கிட்டு, யாருகிட்டயும் சொல்லாம வெளிய வந்துட்டா. பஸ்ஸு நிக்கற எடம் எங்க தெரியுமா? தகரக் கொட்டாய்க்கு நேர் எதிர்ல. வந்து பாத்தா மணி நாலுகூட ஆகல. கொட்டாய் வாசல்ல சுவரொட்டி. அதே படம்! ரெண்டு நாளைக்கு மட்டும் திரும்பப் போட்டிருக்காங்க. கடைசியா ஒருக்கா அந்தத் தண்ணி குடிக்கிற எடத்தப் பாத்துட்டுப் போயிரலாம்னு உள்ள போனா. போனா என்ன, பாதிப் படம் ஓடிப்போச்சு. அந்த எடம் மொதல்லயே முடிஞ்சுருச்சு. அழுகையா வந்துச்சு. மூட்டைய மடியில வெச்சுக்கிட்டு மணல்ல உக்காந்தா.

இப்ப ஒண்ணு சொல்றேன், சத்தம் போடக் கூடாது. சுவருக்கு அந்தாண்ட, மொத ஆளா வந்து ஆம்பளைங்க பக்கம் உக்காந்திருந்தது யாரு?

"நாச்சிமுத்து!"

மெதுவா, மெதுவா. அவரேதான். வூட்டுல இருக்கப் புடிக்காம வந்து உக்காந்திருக்காரு. அவ ஊருக்குப் போறா, அது அவருக்குத் தெரியாது. அவரு அங்க இருக்காரு, அது இவளுக்குத் தெரியாது. நடுவுல ஒரே ஒரு மண்சுவரு.

படம் ஓடுது. ர்ர்ர்ர்ர்னு மிசினு. வாத்தியாரும் அந்தப் பொண்ணும் ஒரு பொய்ப் பேச்சால பிரிஞ்சு போறாங்க. அவ அழறா, அவன் ஊர விட்டுப் போறான். கடைசி ரீலுல ஒண்ணு சேரோணும். அப்போ, டப்! வெள்ளத் திரை. படம் நின்னு போச்சு.

ஏன்னு கேளு.

"ஏன்?"

கடைசி ரீலு வந்து சேரல. அந்தக் காலத்துல ஒரு படத்துக்கு ஒரே ஒரு செட்டு ரீலுதான் வரும், ரீலுக்கு ஒரு பொட்டி. ரெண்டு ஊருக் கொட்டாயும் அதையே பங்கு போட்டுக்கும். பக்கத்து ஊர்ல ஒரு மணி நேரம் முந்தி ஆரம்பிப்பாங்க. அங்க ஓடி முடிஞ்ச ரீல சைக்கிள்ல வெச்சு இங்க கொண்டாரோணும், இங்க முடிஞ்சத அங்க கொண்டு போயிச் சேக்கோணும். அந்த வேலைக்கு வையாபுரின்னு ஒருத்தர். பெரிய மீசை. நாலு மைல் மிதிச்சுப் போயி, நாலு மைல் மிதிச்சு வருவாரு. பொட்டிக்காரர்னுதான் ஊரே கூப்புடும்.

அன்னைக்கு மூணாம் ரீலு மட்டும் இங்கயே தங்கிப் போச்சு. அதுலதான் அந்தத் தண்ணி குடிக்கிற எடம். ஜனம் மறுபடி போடு மறுபடி போடுன்னு கேட்டுக் கேட்டு அந்த ரீலே தேஞ்சு போயி, அங்கங்க அத்துக்கும். மிசின் ஓட்டற ஆபரேட்டர் இன்னாசி அத ஒட்டிச் செரி பண்ணி, "இதக் கொண்டு போயி அங்க குடுத்துட்டு, கடைசி ரீல வாங்கிட்டு ஓடியா"ன்னு வையாபுரிகிட்டக் குடுத்தாரு.

வையாபுரி கெளம்பினாரு. கிறீச், கிறீச், கிறீச். பாதி வழி போகல, புஸ்ஸ்ஸ்! டயரு பஞ்சரு. தள்ளிக்கிட்டே ஓடினாரு, கடையில ஒட்டினாரு. அப்புறம் வேர்த்து விறுவிறுத்துப் பக்கத்து ஊருக் கொட்டாய்க்குப் போனாரு. பொட்டிய எறக்கி வெச்சாரு. கடைசி ரீலுப் பொட்டியக் கொண்டாந்து அதுக்குப் பக்கத்துல வெச்சாங்க. இவரு ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சாரு. பொட்டியத் தூக்கிப் பின்னால கட்டினாரு. மிதி, மிதி.

வந்தா ரயில்வே கேட்டு சாத்தியிருக்கு. கூட்ஸ் வண்டி. டடக் டடக், டடக் டடக். எண்ணி முடியாத பொட்டிங்க. தலையில அடிச்சுக்கிட்டு நின்னாரு. அப்புறம் கேட்டத் தொறந்தாங்க. மிதி, மிதி. வந்தா ரோடு நெறையா ஆட்டு மந்தை. மே, மே, மேன்னு நடுரோட்டுல. மணிய அடிக்கறாரு, கிணிங் கிணிங். ஆடு நகருமா? கெடா ஒண்ணு அவரையே மொறைக்குது.

இங்க கொட்டாயில ஜனம் கெடந்து கத்துது. "படத்தப் போடு! போடு!" ஆபரேட்டர் இன்னாசி 'சற்று நேரத்தில் தொடரும்'னு ஒரு சிலைடப் போட்டாரு. அப்புறம் ஜவுளிக்கடை சிலைடு. அப்புறம் மறுபடி 'சற்று நேரத்தில்'.

பாவாயி கதவு இடுக்கு வழியா ரோட்டப் பாக்கறா, திரையப் பாக்கறா. மணி அஞ்சே கால் ஆச்சு. படத்துல அந்த ரெண்டு பேரும் சேந்துட்டாங்கன்னு பாத்துட்டாப் போதும், அவ மனசு மாறியிருக்கும். அவளே பின்னால சொன்னா. இல்லைன்னா பஸ்ஸு.

அஞ்சு இருபது. சிலைடு. அஞ்சரைக்கு அஞ்சு நிமிசம். சிலைடு.

பாம்ம், பாம்ம்! பஸ்ஸு வந்துருச்சு.

"அய்யோ அத்தை."

எனக்கும் இந்த எடம் வந்தா அய்யோன்னுதான் வரும், கண்ணு. எத்தனையோ தடவ சொல்லியாச்சு, இன்னும் வரும். கையக் குடு.

பாவாயி எந்திரிச்சா. மூட்டையத் தூக்கினா. வாசல் வரைக்கும் வந்துட்டா. ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய. அப்போ பின்பக்கமா கிணிங் கிணிங்னு மணி. வையாபுரி வந்துட்டாரு! இன்னாசி பொட்டியப் புடுங்கி, பிரிச்சு, மிசின்ல மாட்டி, ர்ர்ர்ர்ர். விளக்கு அணைஞ்சுது.

பாவாயி திரும்பிப் பாத்தா.

திரையில வெயிலு. ஒரு வாசல். புது வாத்தியாரு நிக்கறான். தண்ணி கேக்கறான்.

புரிஞ்சுதா? வையாபுரி பக்கத்துல பக்கத்துல இருந்த ரெண்டு பொட்டியில, தான் கொண்டு போன பொட்டியவே திரும்பத் தூக்கிட்டு வந்துட்டாரு! ஆடும் ரயிலும் தாண்டி எட்டு மைல் மிதிச்சு, அதே மூணாம் ரீலு!

கொட்டாயே எந்திரிச்சுருச்சு. "டேய், ரீல மாத்துடா! ஏமாத்தறீங்களா! மாத்து!" மணல அள்ளித் திரையில வீசறாங்க. பின்வரிசை பெஞ்ச ஒதைக்கறாங்க. இன்னாசி பயந்து மிசின நிறுத்தப் போறாரு.

அப்போ ஆம்பளைங்க பக்கமிருந்து ஒரு கொரல்.

"மாத்தாதீங்க! ஓடட்டும்! கைகூப்பிக் கேக்கறேன், அது ஓடட்டும்!"

நானூறு பேரு நடுவுல ஒத்தக் கொரலு. ஒடைஞ்ச கொரலு. அது யாரு கொரலுன்னு பாவாயிக்குத் தெரியாதா? நாலு பேரு முன்னால வாயத் தொறக்காத மனுசன், நானூறு பேரு முன்னால கத்தறாரு. நாலஞ்சு பேரு அவரு சட்டையப் புடிச்சு இழுக்கறாங்க. "உக்காருடா!" அவரு உக்காரல. "ஓடட்டும்! ஓடட்டும்!"

வெளிய பாம்ம், பாம்ம். கண்டக்டர் விசிலு, பீப்பீ. ர்ர்ரூம்னு பஸ்ஸு கெளம்பிப் போச்சு.

போகட்டும்.

திரையில அந்தப் பொண்ணு சொம்போட வந்தா. கொட்டாய்க் கதவோரம் ஒரு மண்பானையும் ஒரு அலுமினிய டம்ளரும் எப்பவும் இருக்கும். பாவாயி மூட்டையக் கீழ போட்டா. பானையில மொண்டா. பொம்பளைங்களெல்லாம் "ஏம்புள்ள, எங்க போற"ன்னு கேக்க, மணல்ல கால் பொதையப் பொதைய நடுச்சுவருகிட்டப் போயி, டம்ளர அந்தப் பக்கம் நீட்டினா.

"ஏனுங்க. தண்ணி."

நாச்சிமுத்து திரும்பினாரு. மூஞ்சியெல்லாம் கண்ணீரு. அவளப் பாத்தாரு, அவ பின்னால கெடக்கற மூட்டையப் பாத்தாரு. எல்லாம் வெளங்கிப் போச்சு. டம்ளர வாங்கினாரு. அண்ணாந்தாரு. ஓரக்கண்ணால பாத்தாரு. மடக், மடக்...

"ப்ஃபூக்!"

ப்ஃபூக்! பொரையேறிருச்சு! சட்டையெல்லாம் தண்ணி. இவ சிரிக்கறா, அழறா, ரெண்டும். அதுக்கப்புறம் யாரு திரையப் பாத்தாங்க? நானூறு பேரும் இந்தச் சுவத்தத்தான் பாத்தாங்க. ஒருத்தன் விசில் அடிச்சு "மறுபடி, மறுபடி!"ன்னான். கடைசி ரீலு வரவே இல்ல. யாரும் கேக்கவும் இல்ல.

அடுத்த வருசம் அவங்களுக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சு. அது யாருன்னு நெனைக்கற? இந்தா, உன் கையப் புடிச்சுக்கிட்டு இருக்கறேனே, நாந்தான். அப்புறம் பத்துப் பன்னெண்டு வருசம் கழிச்சு ஒரு பையன். அவன் அங்க சோபாவுல ஒரு கோடியில உக்காந்திருக்கான். உங்கப்பத்தா பாவாயி அன்னைக்கு பஸ்ஸேறியிருந்தா நான் ஏது, உங்கப்பன் ஏது, நீ ஏது?

அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு. எத்தனையோ கலர்ப் படம் வந்து போச்சு. நம்ம வூட்டுல வருசத்துக்கு ஒருக்காவாச்சும் அந்தப் படம் ஓடும். அப்பாரும் அப்பத்தாளும் போன பொறகும் ஓடும்.

"அப்ப ஹால்ல..."

அதேதான். நான் கணக்குப் பண்ணித்தான் போட்டுவுட்டேன். இப்ப மூணாம் ரீலு எடம் வந்திருக்கும். உஷ். பேசாதே. கேளு.

...

பாட்டு நின்னுருச்சு. அந்த வெயிலு, அந்த வாசலு. வாத்தியாரு தண்ணி கேக்கறான்.

...

ரெண்டு பேரு சத்தத்தையும் காணோம். உங்கப்பன் வெட்டி ரோசம் புடிச்சவன். அவங்கப்பனாட்டவே வாயத் தொறக்க மாட்டான். தொறடா. தொறயேண்டா சாமி.

...

கேட்டுச்சா?

"அப்பா... தண்ணி கேட்டாங்க."

உஷ்ஷ்.

...

அது பிரிட்ஜு கதவு. அது டம்ளரு. கொலுசு சத்தம் நடந்து வருது. அப்புறம்... அப்புறம் தெரியல, கண்ணு. அம்மாவோட பொட்டி இன்னும் வாசல் பக்கந்தான் இருக்கு. காலையில இருக்கா இல்லையான்னு ரெண்டு பேரும் சேந்து பாப்போம்.

ரீலு தீந்துது, வெளக்கு அணைஞ்சுது, மணல்ல உக்காந்தவங்க எல்லாம் வூட்டுக்குப் போயாச்சு. கண்ண மூடு. ம் கொட்டினது போதும்.

...என்ன, ஹால்ல ப்ஃபூக்காமா? எனக்குக் கேக்கலையே. உனக்குக் கேட்டுச்சா? நெசமா?

சிரிக்காதே. தூங்கு.